திரு நின்ற ஊரும் தெருவில் நிற்போரும்

ஊர் எனப்படுவது வீடுகளின் தொகுதி மட்டுமன்று. பத்து வீடுகள் அடுத்தடுத்து நின்றால் அது தெருவாகும். பத்துத் தெருக்கள் சேர்ந்தால் குடியிருப்பாகும். அக்குடியிருப்பு ஊர் என்னும் பெயருக்கு உரியதாக இன்னும் இரண்டு வேண்டும். ஒன்று, முன்பின் அறியாதாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசும் அங்காடி. மற்றொன்று, எல்லார்க்கும் பொதுவாகிய நீர்நிலை. நம் பண்டைப் புலவர்கள் ஊரைப் பாடப் புகுந்தபோதெல்லாம் இவ்விரண்டையும் மறவாது பாடினர். பூம்புகாரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, மரங்கள் செறிந்த சோலையில் நாளங்காடி கூடியதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. புகாரின் அங்காடிக்கு மரங்களே கூரை என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இவற்றையெல்லாம் வகுப்பறையில் சுவைபட நடத்துகிறோம். தேர்வில் வினாவாகவும் கேட்கிறோம். ஆயின், நாள்தோறும் மின்தொடர்வண்டியில் இறங்கி நாம் கடந்து செல்லும் அங்காடியை நின்று பார்த்ததுண்டா? அதற்கப்பால் கிடக்கும் ஏரியின் கரையில் ஒருமுறையேனும் ஏறியதுண்டா? இவ்வினா மாணவர்க்கு மட்டும் உரியதன்று. ஆசிரியராகிய எமக்கும் உரியது. திருநின்றவூரின் கடைத்தெருவையும் ஏரிக்கரையையும் புதுப்பிக்க வேண்டும் என்னும் பேச்சு ஊர்ப் பெரியோரிடையே அடிக்கடி எழுகின்றது. அப்பேச்சில் நாமும் கலந்துகொள்வது கடமை என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஊரும் பேரும்

செல்வத்தின் தெய்வமாகிய திருமகள் வந்து நின்ற இடம் ஆதலின் திருநின்றவூர் எனப் பெயர் பெற்றது என்பது வைணவ மரபு. பக்தவத்சலப் பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. சைவ மரபிலோ இது பூசலார் நாயனாரின் ஊர். இருதயாலீசுவரர் கோயில் அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது. ஏரியோடு இணைத்து ஏரிகாத்த இராமர் என்றே இறைவனுக்குப் பெயரிட்டு வழங்கும் கோயிலும் இவ்வூரில் உண்டு. ஒரு நீர்நிலையைக் காப்பது தெய்வத்தின் தொழில் என்று கருதும் அளவுக்கு முன்னோர் அதனை மதித்தனர் என்பதற்கு இப்பெயரே சான்று.

1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி ஓடிய அப்பாதையின் ஓரத்தில் அமைந்த பேறு இவ்வூருக்கு உண்டு. இருப்புப்பாதையும் சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையும் பெரியபாளையம் செல்லும் சாலையும் நெருங்கி அமைந்தமையால், சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கெல்லாம் இதுவே சந்தை ஊராயிற்று. நெல்லும் காய்கறியும் பூவும் இங்கு வந்தன. துணியும் உப்பும் மண்ணெண்ணெயும் இங்கிருந்து சென்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 37,000 பேர் வாழ்ந்த பேரூராட்சி, 2021இல் நகராட்சியாக உயர்த்தப்பட்டது. பெயர் உயர்ந்தது, வரி உயர்ந்தது, கடைத்தெருவின் அகலம் மட்டும் உயரவில்லை.

கடைத்தெரு கூறும் கதை

எம் தந்தையார் இக்கடைத்தெருவில் துணி வணிகம் செய்தவர். தொடக்கத்தில் அவருக்குக் கடை இல்லை. சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்து, லுங்கியும் துண்டும் சிறுவர் சட்டையும் பரப்பி விற்றார். சில ஆண்டுகள் கழித்தே சிறியதொரு கடையை வாடகைக்குப் பிடித்தார். நாம் கல்லூரிப் படியேறியதும், ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றதும், இன்று தமிழ் விரிவுரையாளராக நிற்பதும் அத்தார்ப்பாயின் மீது நடந்தவையே என்றால் மிகையன்று.

ஒன்றை மறைக்காது கூறவேண்டும். கடை வந்தபின், கடைவாசலில் கூடை வைத்து அமர்ந்த பெண்களைக் கண்டு எம் தந்தையாரும் எரிச்சலுற்றார். வாடிக்கையாளர் உள்ளே வர வழியில்லை என்று கடிந்துகொண்டார். அன்றிரவு எம் பாட்டியார், "நீயும் அந்த மண்ணுலதான உக்காந்தே, அதுக்குள்ள மறந்துட்டியா?" என்று கேட்டார். தந்தையார் மறுமொழி கூறவில்லை. மறுநாள் முதல் கூடைக்காரப் பெண்களுக்கு வாசலின் ஒரு பாதி விடப்பட்டது. நகர் மேம்பாடு குறித்து நாம் பின்னர் படித்த நூல்கள் பல. அப்பாட்டியார் கேட்ட வினாவை எந்நூலும் அத்துணைச் சுருக்கமாகக் கேட்டதில்லை.

அண்மையில் ஒரு மாலை, தொடர்வண்டி நிலையத்தின் வெளியே கீரை விற்கும் மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தோம். விடியலில் தம் ஊரிலிருந்து கட்டுகளைச் சுமந்து வருபவர் அவர். பணமில்லாத நாள்களில் தண்டல் வாங்கி முதல் போடுகிறார். அன்றன்று வட்டியோடு கட்டுகிறார். புதிதாக ஒரு சந்தைக் கட்டடம் எழுந்தால் அவருக்கும் இடம் கிடைக்குமே என்றோம். அவர் சிரித்தார். "மாடிமேல ஏறி யாரு பாய் கீர வாங்குவாங்க? ரயில்ல எறங்கி வூட்டுக்குப் போற வழியில கண்ணுல பட்டாத்தான் கீர. பொழுது சாஞ்சுட்டா அது கீர இல்ல, குப்ப" என்றார்.

வணிகவியல் இலக்கணம் முழுவதும் அம்மூதாட்டியின் சொற்களில் அடங்கிவிடுகிறது. அவர் விற்பது வாடும் பொருள். அவரை நாடுவோர் நடந்து செல்வோர். அவர் வணிகம் இடத்தைச் சார்ந்தது. அவரை இருநூறு அடி தள்ளி வைப்பது வரைபடம் வரைபவர்க்குச் சிறு கோடு. அவர்க்கோ அன்றைய உணவு.

இதனால் கடைத்தெரு இருந்தவாறே இருக்கட்டும் என்று கூறுவதாக எவரும் கொள்ளற்க. இன்றைய நிலை வருந்தத்தக்கது. முதியோர் நடக்க நடைபாதை இல்லை. பள்ளிச் சிறுவர் தானியங்கி வண்டிகளுக்கும் சரக்குந்துகளுக்கும் இடையே நுழைந்து செல்கின்றனர். நோயாளர் ஊர்தி வந்தால் ஒதுங்க இடமில்லை. மழைநாளில் கழிவுநீரும் மழைநீரும் காலடியில் ஒன்றாகின்றன. காலை முதல் இரவு வரை அமர்ந்து விற்கும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாமை நாகரிகமுள்ள எந்த ஊருக்கும் இழுக்கு. சீரமைப்பு வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. யாரை வைத்துச் சீரமைப்பது, யாரை நீக்கிச் சீரமைப்பது என்பதே வினா.

ஆறு இல்லா ஊருக்கு ஏரியே ஆறு

கூவம் ஆறு இவ்வூருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் ஓடுகிறது. கேசாவரம் அணைக்கட்டில் கொசத்தலையாற்றிலிருந்து பிரியும் அவ்வாறு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நடந்து கடலை அடைகிறது. ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் அதன் நீர் புதிய பங்காரு கால்வாய் வழியே செம்பரம்பாக்கத்துக்குத் திருப்பப்படுகிறது. சென்னைக்குள் நுழைந்தபின் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் கூவத்தை மட்டுமே அறிந்தவர்கள், இப்பக்கத்தில் மழைக்காலத்தில் அது மணலும் தெளிநீருமாக ஓடுவதைக் கண்டால் வியப்புறுவர்.

எனினும் திருநின்றவூரின் உயிர்நாடி அதன் ஏரியே. நூற்றுக்கணக்கான ஏக்கர் பரந்த அந்நீர்ப்பரப்பு வெறும் பள்ளமன்று, நுட்பமானதோர் அமைப்பு. மேட்டு நிலத்து மழைநீர் வரத்துக் கால்வாய்களால் ஏரியை அடையும். கரை அதனைத் தாங்கும். மதகுகள் வழியே ஆயக்கட்டு வயல்களுக்குப் பாயும். மிகுந்த நீர் கலங்கலில் வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு ஏரிக்கு ஏரி கைகோத்து நிற்கும் சங்கிலியே பழைய தொண்டைமண்டலத்தின் செல்வம். இதனைப் பேணத் தமிழர் தனி ஆளுகையே வைத்திருந்தனர். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகப் பேசுகின்றன.

அவ்வமைப்பு எவ்வாறு சிதைந்தது? பகைவர் எவரும் வந்து அழிக்கவில்லை. ஆயக்கட்டு வயல்கள் மனைகளாயின. வயல் போனபின் மதகைத் திறப்பாரும் இல்லை. கால்வாயைத் தூர்வாருவாரும் இல்லை. நெல் விளைந்தவரை ஏரிக்கு உரிமை கொண்டாடியவர் பல நூற்றுவர். மனை விளைந்தபின் ஒருவருமிலர். உரியவரற்ற பொருள் என்னாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஒருபுறம் குப்பை, ஒருபுறம் கழிவுநீர், ஒருபுறம் குடியிருப்பு என ஏரி சுருங்கிற்று. 2015ஆம் ஆண்டுப் பெருமழையிலும் 2021ஆம் ஆண்டுப் பெருமழையிலும் ஏரியை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் நீர் வீடுகளுக்குள் புகுந்து நின்றது. வெள்ளம் புகுந்தது என்று எழுதுகிறோம். ஏரி தன் வீட்டுக்குத் திரும்பி வந்தது என்று எழுதுவதே பொருத்தம்.

பிறவூர்கள் கற்பிக்கும் பாடம்

நம் ஊர் முதன்முதலாக எதிர்கொள்ளும் சிக்கலன்று இது. நமக்கு முன்னே நடந்தவர்களின் காற்சுவடுகள் பல உள.

அண்டை ஊராகிய ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பெற்று 2019இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மாலைப்பொழுதில் அங்கு மக்கள் குழந்தைகளோடு உலவுவது காண இனிது. ஆனால் ஏரியில் கழிவுநீர் கலப்பது குறித்த முறையீடுகள் பின்னரும் ஓயவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை அவை சென்றன. நடைபாதையும் விளக்கும் அமைப்பது ஓராண்டுப் பணி. சாக்கடையைத் திருப்புவது பல்லாண்டுப் பணி. முன்னது கண்ணுக்குத் தெரியும். பின்னது மண்ணுக்குள் மறையும். கண்ணுக்குத் தெரிவதையே முதலில் செய்யும் ஆசை எல்லா ஆட்சிக்கும் உண்டு.

சென்னைக் கொத்தவால்சாவடியின் மொத்த வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்குச் சென்றது. பரந்த நிலத்தில் திட்டமிட்டுக் கட்டிய அச்சந்தை பெருவணிகத்துக்கு உதவியது உண்மை. 2020ஆம் ஆண்டு மே மாதம் பெருந்தொற்றின்போது கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறிச் சந்தை நம் பக்கத்துத் திருமழிசைக்குத் தற்காலிகமாக வந்தது. வெட்டவெளியில் விரைந்து அமைத்த சந்தை. மழை பெய்ததும் சேறாயிற்று. மூட்டைகள் நனைந்து காய்கள் அழுகின. சில மாதங்களில் சந்தை மீண்டும் கோயம்பேட்டுக்கே திரும்பியது. சந்தைக்கு நிலம் மட்டும் போதாது. வடிகாலும் கூரையும் பாதையும் வேண்டும் என்பதை நாம் கண்ணெதிரே கண்டோம்.

தியாகராய நகர்ப் பாண்டி பசாரில் நடைபாதை வணிகர்கள் 2013இல் பலமாடி வளாகமொன்றுக்கு மாற்றப்பட்டனர். மாடியேறி வாங்க வருவோர் குறைவு என்பதே அவர்தம் முறையீடாயிற்று. பின்னர் 2019இல் அதே சாலை அகன்ற நடைபாதை வளாகமாக எழில் பெற்றது. நடப்பதற்கு இடம் கிடைத்தது. நடப்போரை நம்பி வாழ்ந்தோர்க்கு அவ்விடம் கிடைக்கவில்லை. கீரைக்கார மூதாட்டி படிக்காமலே அறிந்ததைப் பொறியாளர்கள் கோடிகள் செலவிட்டு அறிந்தனர்.

அகமதாபாதின் சபர்மதி ஆற்றங்கரைத் திட்டம் 2012இல் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. இரு கரையிலும் பதினொரு கிலோமீட்டர் நீளும் உலாவிடம் அது. அக்கரையில் வாழ்ந்த பல்லாயிரம் ஏழைக் குடும்பங்கள் நகரின் விளிம்புக்கு அனுப்பப்பட்டன. ஆற்றங்கரையில் ஞாயிறுதோறும் கூடும் குஜரி பசார், நகரை நிறுவிய சுல்தான் அகமது ஷாவின் காலத்தது என்பது மரபு. அதன் எளிய வணிகர்கள், அவருள் பெண்களும் பலர், வாளா இருக்கவில்லை. சங்கமாகத் திரண்டனர், நீதிமன்றம் ஏறினர். ஈற்றில் அவர்களுக்கென ஆற்றங்கரையிலேயே சந்தை இடம் அமைந்து 2014இல் திறக்கப்பட்டது. கேட்டவர்க்கே கிடைத்தது என்பது இதன் முதற்பாடம். வணிகர்க்குக் கிடைத்தது குடியிருந்தோர்க்குக் கிடைக்கவில்லை என்பது இரண்டாம் பாடம்.

தென்கொரியத் தலைநகர் சியோலில் சியோங்கியேசியோன் என்னும் ஓடை கற்காரையால் மூடப்பட்டு, அதன்மேல் உயர்சாலை எழுப்பப்பட்டிருந்தது. 2003இல் அச்சாலையை இடிக்கத் தொடங்கி, 2005இல் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீள ஓடையை மீட்டனர். உலகெங்கும் போற்றப்படும் முயற்சி அது, போற்றத்தக்கதே. ஆயினும் அங்கிருந்த தெரு வணிகர்கள் முதலில் பழைய விளையாட்டரங்கம் ஒன்றுக்கு மாற்றப்பட்டனர். அவ்வரங்கமும் இடிக்கப்பட்டபோது மீண்டும் வேறிடத்துக்குப் பெயர்ந்தனர். செல்வம் மிக்க நாட்டிலும் எளியோர் இருமுறை மூட்டை கட்டினர் என்பதைப் போற்றுரைகளோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

மாற்றுக் கருத்துக்கு மறுமொழி

ஊர்ப் பெரியோருள் சிலர் நம்மிடம் கூறுவதுண்டு: "நீங்கள் இரக்கம் பேசுகிறீர்கள், சாலை என்பது நடப்பதற்கும் வண்டி செல்வதற்கும் உரியது. ஆக்கிரமிப்பை இரக்கத்தின் பெயரால் பொறுத்தால் ஊர் உருப்படுமா?" நேர்மையான வினா இது. கடைவாடகையும் வரியும் செலுத்தும் வணிகர், வாசலில் வாடகையின்றி விற்பவரைக் கண்டு மனம் புழுங்குவதிலும் நியாயம் உண்டு; எம் தந்தையாரிடமே அதனைக் கண்டோம்.

இதற்கு மறுமொழியை நாம் உருவாக்க வேண்டியதில்லை. நாட்டின் சட்டமே தந்துள்ளது. 2014ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய தெரு வணிகர் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம், தெரு வணிகத்தைக் குற்றமாகக் கருதாது. ஒழுங்குபடுத்த வேண்டிய தொழிலாகக் கருதுகிறது. ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு வணிகரால் தேர்ந்தெடுக்கப்பட்ட வணிகர்களாக இருக்க வேண்டும். அவருள் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று வழங்கும்வரை எவரையும் அகற்றலாகாது. 2020இல் தொடங்கிய நடுவண் அரசின் தெரு வணிகர் கடனுதவித் திட்டம், முதற்கட்டமாக 10,000 ரூபாய் கடன் தந்தது. தண்டல்காரரின் பிடியிலிருந்து கீரைக்கார மூதாட்டியை விடுவிக்க இதுவும் ஒரு வழி. சட்டம் உள்ளது, திட்டம் உள்ளது. அவை ஊர் மன்றத்தில் உயிர்பெறுவது கேட்போர் உளரா என்பதைப் பொறுத்தது.

ஏரியில் குடியேறியோர் நிலை இதனினும் கடினமானது. நீர்நிலைகளைப் பொதுச்சொத்தாகக் காக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2001இல் இன்ச்லால் திவாரி வழக்கில் வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் ஏரிப் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. ஏரி ஏரியாகவே இருக்க வேண்டும் என்பதில் நாம் உறுதியாக உள்ளோம். இல்லையேல் ஒவ்வொரு பெருமழையிலும் முதலில் மூழ்குவோர் அவ்வேழைகளே. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். அம்மனையை விற்றவர் எவர்? பல ஆண்டுகள் மின் இணைப்பும் வரிச் சீட்டும் தந்தவர் எவர்? விற்றவர் பணத்தோடு விலகிவிட, வாங்கியவர் மட்டும் பொக்கலைன் இயந்திரத்தின் முன் நிற்பது அறமாகுமா? கூவம் கரையோரம் வாழ்ந்தோர் பெரும்பாக்கம் முதலிய தொலைவிடங்களில் குடியமர்த்தப்பட்டபோது, கூரை கிடைத்தது; வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் தொலைவாயின. அத்தவறு இங்கும் நேர்தல் கூடாது. நீதிக்கு ஏரியும் வேண்டும், ஏழையும் வேண்டும்.

மதீனா நகரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்காடிக்கென்று தனி இடம் ஒதுக்கி, அங்கு வணிகம் செய்வோர்மீது வரிச்சுமை ஏற்றலாகாது என்று அறிவுறுத்தியதாக வரலாற்று நூல்கள் கூறும். வலியவர் நிலையான இடம் பிடித்துக்கொள்ள, எளியவர் வெளியே நிற்கும் நிலை அங்காடியில் வரலாகாது என்பதே அதன் உட்கருத்து. தண்ணீர்ப் பந்தலும் பொதுக் கிணறும் அமைத்து அறப்பொருளாக விட்டுச் செல்வது நம் சமுதாய முன்னோரின் வழக்கம். கோயில்தோறும் குளமும், பள்ளிவாசல்தோறும் உளூச் செய்யும் ஹவுளும் கண்டது இம்மண். நீரும் அங்காடியும் பொது என்னும் எண்ணம் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவுடைமை. ஆதலின் இது ஒரு தெருவினரின் வேண்டுகோளன்று, ஊரின் வேண்டுகோள்.

நாம் வேண்டுவன

முதலாவது, நீர். ஏரியின் எல்லையை அளந்து கல் நட்டு, அவ்வரைபடத்தை எல்லாரும் காண நகராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும். வரத்துக் கால்வாய்கள், மதகுகள், கலங்கல் ஆகியன முதலில் சீர்பெற வேண்டும். கழிவுநீர் ஏரிக்குள் புகும் வாய்கள் அடைக்கப்பட்ட பின்னரே பூங்கா அமைக்கத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, கரை. உலாவும் பாதை கரையின்மீதே அமையட்டும்; நீர்ப்பரப்பைத் தூர்த்து அமைய வேண்டா. பனை, பூவரசு, புங்கை என நம் மண்ணின் மரங்கள் நிற்கட்டும். பறவை தங்கும் ஆழமற்ற பகுதி இருளாகவே இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் கூடாது. ஏரிக்கரையில் காற்று வாங்கச் சீட்டு வாங்கும் காலம் வந்தால், அது ஏரியன்று, கடை.

மூன்றாவது, அங்காடி. நகர விற்பனைக் குழு உண்மையாகவே கூடிப் பேச வேண்டும். கீரை, பூ, பழம் விற்போர்க்குத் தொடர்வண்டி நிலையத்திலிருந்து பேருந்து நிறுத்தம் செல்லும் வழியிலேயே, தரைத்தளத்தில், கூரையிட்ட இடம் வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை, குடிநீர், விற்காத பொருளைப் பூட்டிவைக்க அறை ஆகியன வேண்டும். சரக்குந்துகள் விடியற்காலையிலேயே வந்து செல்லுமாறு நேரம் வகுத்தால் பகலில் நடப்போர்க்குத் தெரு கிடைக்கும். காய்கறிக் கழிவை எருவாக்கும் குழி சந்தையை ஒட்டியே அமையலாம்.

நான்காவது, குடியிருப்போர். ஏரியிலிருந்து அகற்ற வேண்டியவர் எவரோ, அவர்தம் பெயர்ப்பட்டியல் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். இவ்வட்டாரத்திலேயே மாற்று வீடு தந்த பின்னரே அகற்ற வேண்டும். நீர்நிலையை மனையாக்கி விற்றோர்மீதும் நடவடிக்கை வேண்டும்.

ஐந்தாவது, கணக்கு. எத்துணைத் தொகை வந்தது, எதற்குச் செலவாயிற்று என ஆண்டுக்கொரு முறை ஊர் கூடிய இடத்தில் படித்துக் காட்ட வேண்டும். ஏரி வாரியம் கண்ட நாட்டில் இஃது அரிய செயலன்று.

மாணவர்க்கு ஒரு பணி

மாணவச் செல்வங்களே! இவற்றில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். வேலை உண்டு, பிற துறையார் செய்ய இயலாத வேலையும் உண்டு. நம் ஏரியின் ஒவ்வொரு மதகுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ஒவ்வொரு கால்வாய்க்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். நீர் பங்கிட்ட நீர்க்கட்டிகளின் வழித்தோன்றல்கள் இன்னும் சிலர் இருப்பர். அங்காடியில் கட்டு, கூறு, படி, முழம் என வழங்கும் அளவுப் பெயர்களும், தரகர் பேசும் குழூஉக்குறிகளும் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. அம்முதியோர் மறையும்போது அச்சொற்களும் மறையும். கால்வாயின் பெயரை மறந்த ஊர் கால்வாயின் தடத்தையும் மறந்துவிடும். மறந்த தடத்தில் வீடு கட்டுவது எளிது. ஆகவே ஏடும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு கரைக்குச் செல்லுங்கள், கடைத்தெருவுக்குச் செல்லுங்கள். பாட்டிமார் கூறுவதை அவர்கள் சொல்லிலேயே எழுதி வாருங்கள். நகராட்சி மன்றத்தில் ஏரியின் எல்லை குறித்து வழக்கு எழும் நாளில், உங்கள் ஏடு ஒரு சான்றாகக் கூடும்.

நிறைவாக

பூசலார் வரலாற்றை நாமனைவரும் அறிவோம். காஞ்சியில் மன்னன் கல்லால் பெருங்கோயில் எழுப்பினான். பொருளற்ற பூசலாரோ திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார். இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, அன்பர் கோயிலுக்கே முதலில் எழுந்தருள்வதாகக் கூறினான் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. அப்புராணத்தை இயற்றிய சேக்கிழாரும் நமக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரினரே.

அவ்வரலாற்றில் நம் கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு. மனத்தில் கட்டுவதுதானே என்று பூசலார் ஒரே நாளில் கட்டி முடிக்கவில்லை. நாள் பார்த்தார், அடித்தளமிட்டார், படிப்படியாக எழுப்பினார், சுதை பூசினார், மதில் எடுத்தார், கிணறும் குளமும் தோண்ட மறக்கவில்லை. மனக்கோயிலிலும் நீர்நிலையை மறவாத ஊர் நம் ஊர்.  பூசலாரின் பணியைக் கண்டார் ஒருவருமிலர்.

நம் ஊரைப் புதுப்பிக்கும் திட்டமும் இவ்வாறே முதலில் மனத்தில், முறையாக, ஒன்றையும் விடாது கட்டப்பட வேண்டும். அதில் கீரைக்கூடைக்கு ஓர் இடம் உண்டா, ஏரிக்கு அதன் இடம் உண்டா, ஏரியிலிருந்து எழுந்து செல்வோர்க்கு ஒரு வீடு உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பின்னரே கல்லைத் தொட வேண்டும். திரு வந்து நின்ற ஊர் என்பது பழைய பெயர். மாலை வண்டியில் இறங்கும்போது, தெருவில் நிற்கும் அம்மூதாட்டிக்கு அமர ஒரு திண்ணையும் தலைக்குமேல் ஒரு கூரையும் இருப்பதைக் காணும் நாளில், அப்பெயரை நாம் கூசாமல் சொல்லலாம்.